தட்டுக்கழியும் ஆட்டமும்: நட்டுவனார்கள் மீட்டுத் தந்த மரபு
(நீடாமங்கலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஓர் ஆட்டம் வழக்கொழிந்தது என்று சொல்லும்போது உண்மையில் ஒழிவது எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாட்டு ஏட்டில் தங்கிவிடும்; அபிநய இலக்கணம் நூலில் தங்கிவிடும்; தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 கரணங்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கின்றன. அந்தக் கோயிலுக்கென முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்களிலிருந்தும் கொணர்ந்து குடியேற்றியதை அவரவர் பெயரோடும் வீட்டு வரிசையோடும் கல்வெட்டு எடுத்துரைக்கிறது. இருந்தும் அந்த 400 பேரும் எப்படி ஆடினார்கள், எந்த இடத்தில் கால் அழுந்தியது, எந்த இடத்தில் கண் திரும்பியது என்பதைக் கல்லும் ஏடும் சொல்லவில்லை. ஆட்டம் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு நேரே போவது. அந்த வழியில் ஓர் ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு பழைய ஆட்டத்தின் மீட்சி என்பது பெரும்பாலும் அதன் கடைசி ஆசிரியர்களைத் தேடிப் போகும் வேலைதான். கண்டெடுத்த ஆசிரியரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைக் கொண்டே அந்த மீட்சியின் தரத்தை எடைபோட வேண்டும் என்பது இச்சொற்பொழிவின் துணிபு.

வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பை அடுத்த நீடாமங்கலத்தின் பெயரை இசையுலகம் அறிந்தது தவிலால். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகசுர மேதைகளின் கச்சேரிகளுக்குக் கிடைத்த பெரும்பேறாகக் கருதப்பட்டது. அவருக்குப் பின் நீடாமங்கலம் ஷண்முகவடிவேல் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார். அதே காலத்தில் காவிரிக்கரை நாட்டின் இன்னொரு மூலையில், பந்தநல்லூரில், அதே பெயர் கொண்ட இன்னொருவர் தட்டுக்கழி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954). பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல். தொழில் உறவு தற்செயலானது அன்று. நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழுவைப் ‘பெரிய மேளம்’ என்றும், ஆடும் பெண்ணும் நட்டுவனாரும் பாடகரும் மத்தளக்காரரும் முகவீணை, துத்தி முதலிய கருவிகளை இசைப்போரும் சேர்ந்த குழுவைச் ‘சின்ன மேளம்’ என்றும் தஞ்சைத் தரணி வழங்கியது. இரண்டும் பின்னாளில் இசை வேளாளர் என்று அழைக்கப்பட்ட ஒரே சமூகத்தின் கலை. ஒரே வீட்டில் அண்ணன் தவிலுக்கும் தம்பி நட்டுவாங்கத்துக்கும் போனதுண்டு. இரண்டுக்கும் அடிப்படை சொற்கட்டு. கருவியில் வாசிப்பதற்கு முன்னும் காலால் தட்டுவதற்கு முன்னும் வாயால் சொல்லிப் பழகும் ‘தகதிமி’, ‘தகஜொணு’, ‘ததிங்கிணதொம்’ போன்ற தாள எழுத்துக் கோவைகளே சொற்கட்டு எனப்படும். தவில்காரரும் நட்டுவனாரும் ஒரு திண்ணையில் அமர்ந்து பேசினால் பாதிப் பேச்சு சொற்கட்டாகவே நடக்கும் நாடு இது.

நட்டுவனார் என்பவர் ஆட்டத்தைக் கற்பிப்பவர், அமைப்பவர், மேடையில் நடத்துபவர் ஆகிய மூவரும் ஒருவராக இருப்பவர். சதிர் எனப்பட்ட அந்த ஆட்டம் பார்வைக்குத் தனியொருத்தி ஆடுவதாகத் தோன்றினாலும் உள்ளபடி அது இருவர் ஆட்டம். ஒருவர் காலால் ஆடுவார், மற்றவர் கழியாலும் வாயாலும் ஆட்டுவிப்பார். பயிற்சியின்போது நட்டுவனார் தரையில் அமர்ந்து, தட்டுமனை எனும் கட்டையைத் தமக்கு முன் வைத்து, கைக்கு அடங்கிய மரக்கோலாகிய தட்டுக்கழியால் அதன் மேல் தட்டுவார். மாணவி அரைமண்டியில், அதாவது முழங்கால்களை இருபுறமும் விரித்துப் பாதி அமர்ந்த நிலையில், எதிரே நிற்பாள். ‘தெய்யா தெய்’ என்ற சொல்லுக்குத் தட்டடவு தொடங்கும். அடவு என்பது கால்தட்டும் கைவீச்சும் உடல்நிலையும் சேர்ந்த அடிப்படை ஆட்ட அலகு. முதற்காலத்தில் ஒரு தட்டு விழும் இடத்தில் இரண்டாங்காலத்தில் இரண்டும், மூன்றாங்காலத்தில் நான்கும் விழ வேண்டும். களைப்பில் முழங்கால் மெல்ல நிமிரும்போது கழியின் ஓசை வலுக்கும். வாய் திறந்து திருத்தம் சொல்வதற்கு முன்பே காலுக்குச் செய்தி போய்விடும். மேடையில் தட்டுமனைக்குப் பதிலாகக் கைத்தாளம் வரும். அதன் இரு வட்டுகளில் ஒன்று எஃகு, மற்றொன்று வெண்கலம். அவை மோதும்போது எழும் கூரிய ஒலி ஆடுபவளின் குதிகாலை இழுத்துப் பிடிக்கும். பழைய முறையில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் நின்றபடி ஆடுபவளுக்குப் பின்னாலேயே முன்னும் பின்னும் நகர்வார்கள். மத்தளம் இடுப்பில் கட்டப்பட்டிருக்கும். அந்த நெருக்கத்தை இன்றைய மேடையில் காண இயலாது.

இந்தக் கற்பித்தலுக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்தவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை மராட்டிய அரசவையில் வாழ்ந்த இவர்கள், அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற நிகழ்ச்சி வரிசையை நிலைப்படுத்தினர். எளிய உடலசைவில் தொடங்கி, கடினமான வர்ணத்தில் உச்சமேறி, பதத்தில் அமைதியடைந்து, தில்லானாவில் துள்ளி முடியும் அந்த வரிசை நிகழ்ச்சி நிரலாக மட்டும் அமையாமல், கற்கும் வரிசையாகவும் அமைந்தது அதன் சிறப்பு. ஆசிரியர்களே வகுத்ததால்தான் அப்படி அமைந்தது.

அந்த ஆட்டம் 20ஆம் நூற்றாண்டில் நலிந்த கதை பலமுறை சொல்லப்பட்டதே. எனினும் ஒருதலையாகச் சொல்லப்பட்டதும் உண்டு. தஞ்சை அரசு மறைந்தபின் ஆதரவு சுருங்கியது. பொட்டுக்கட்டும் வழக்கம், அதாவது சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம், பல பெண்களைச் செல்வரின் பிடியில் தள்ளியது. அதை ஒழிக்கப் போராடியவர்களுள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோடு, அந்தச் சமூகத்திலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் (1883–1962) இருந்தார் என்பதை மறந்துவிட்டுக் கலைக்கு நேர்ந்த இழப்பைப் பற்றி மட்டும் கண்ணீர் விடுவது நேர்மையாகாது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் அந்த வழக்கத்தைத் தடைசெய்தது. அது தேவையான சட்டம். ஆனால் வழக்கத்தை ஒழித்தபோது, அந்த வழக்கத்தின் நிழலில் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த ஆட்ட அறிவுக்கு என்ன ஏற்பாடு என்று எவரும் சட்டத்தில் எழுதவில்லை. கோயிலில் ஆடிய பெண்ணுக்கு வேறு வாழ்வு வேண்டும் என்று சொன்ன சமுதாயம், அவளுக்குக் கற்பித்தவரும் அவளும் ஆசிரியர்களாக வாழ வழி உண்டு என்று சொல்லவில்லை.

மீட்சி சென்னையில் தொடங்கியது. வழக்கறிஞரும் விடுதலைப் போராட்ட வீரருமான ஈ. கிருஷ்ண ஐயர் (1897–1968) தாமே பெண்வேடமிட்டுச் சதிர் ஆடிக் காட்டி அக்கலைக்காக வாதாடியவர். ஆட்டத்தை அவர் கற்றுக்கொண்டது பாகவத மேளத்துக்குப் பெயர்பெற்ற மெலட்டூரின் நடேச ஐயரிடம். பாகவத மேளம் என்பது நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஆண்களே எல்லா வேடங்களும் ஏற்று நடத்தும் தெலுங்கு இசை நாடகம். நீடாமங்கலத்திலிருந்து தஞ்சைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள சாலியமங்கலத்திலும் அது நடந்துவருகிறது. சென்னையில் பேசப்பட்ட மீட்சிக்கு வித்து காவிரிக்கரை ஊர் ஒன்றின் ஆசிரியரிடமிருந்து போனது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிருஷ்ண ஐயரின் முயற்சியால் மியூசிக் அகாடமி 1931 மார்ச் 15 அன்று கல்யாணி மகளிர் எனப்பட்ட இராஜலட்சுமி, ஜீவரத்தினம் சகோதரியரின் ஆட்டத்தை அரங்கேற்றியது. சகோதரியர் இருவரும் இணைந்து ஆடினர். 1932இன் இறுதியில் அகாடமி மாநாட்டில் சதிருக்குப் ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் ஏற்கப்பட்டது. 1933 தொடக்கத்தில் அதே சகோதரியர் மீண்டும் ஆடியபோது அவையின் போக்கே மாறியிருந்தது.

அதன்பின் நிகழ்ந்தது ஆசிரியரைத் தேடிய ஒரு பெரும் பயணம். பந்தநல்லூர் ஒரு சிற்றூர். அங்கே முதுமையில் இருந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி கற்றார். ராம் கோபால் வந்தார். மிருணாளினி சாராபாய் வந்தார். சாந்தா ராவ் வந்தார். பெங்களூரில் வேதியியல் கற்பித்த யு. எஸ். கிருஷ்ண ராவ் அவரிடம் பயின்று, பின்னர்த் தம் மனைவி சந்திரபாகா தேவியோடு சேர்ந்து இணையாக ஆடினார். ஆணும் பெண்ணும் சோடியாகப் பரதம் ஆடுவது அந்நாளில் அரிது. கோயிலிலும் அரண்மனையிலும் தம் மரபுப் பெண்களுக்கே கற்பித்துவந்த ஒரு முதியவர், மொழியும் சாதியும் மாநிலமும் வேறான மாணாக்கரை ஏற்று, அவரவர் உடலுக்கு ஏற்ப அடவைத் திருத்திக் கொடுத்தார் என்பதை வரலாறு சற்றுச் சிக்கனமாகவே பாராட்டியிருக்கிறது. கற்க வந்தவர்களின் துணிவு பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. கற்பித்தவரின் துணிவும் அதற்குக் குறைந்ததன்று.

இந்த வரலாற்றை எடைபோடுவதற்குத் தொலைவான ஒரு நாட்டின் ஆட்டம் உதவும். அமெரிக்காவில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்கள் 1920களின் இறுதியில் ‘லிண்டி ஹாப்’ என்ற சோடி ஆட்டத்தை உருவாக்கினர். ஜாஸ் இசையின் ஒரு வகையாகிய ‘ஸ்விங்’ இசைக்கு ஆடப்படுவதால் இதையும் இதன் உறவு ஆட்டங்களையும் ஸ்விங் நடனம் என்பர். ஒருவர் நடத்துவார், மற்றவர் தொடர்வார். இருவரும் நெருங்கி நின்று, ஒற்றைக் கைப்பிடியில் விலகிச் சுழன்று, மீண்டும் நெருங்கும் ‘ஸ்விங் அவுட்’ என்பது அதன் அடிப்படை அடவு. அது எட்டு எண்ணிக்கையில் முடியும். எட்டு அட்சர ஆதி தாளத்தில் பழகிய காதுக்கு அந்தச் சுற்று உடனே பிடிபட்டுவிடும். 1926இல் திறந்த சவாய் நடனக்கூடம் அதன் தலைமையிடம். அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தளத்தில் ஆட இடமிருந்தது. அந்நாளைய அமெரிக்காவில் அது எளிய செய்தி அன்று. ஃபிராங்கி மானிங் (1914–2009), நார்மா மில்லர் (1919–2019), ஆல் மின்ஸ் போன்றோர் அங்கே ஒளிவீசினர். போருக்குப் பின் இசை மாறியது. பெரிய இசைக்குழுக்கள் கலைந்தன. 1958இல் சவாய் மூடப்பட்டது. ஃபிராங்கி மானிங் அஞ்சல் துறையில் வேலைக்குச் சேர்ந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் கடிதம் பிரித்தார்.

அந்த ஆட்டம் மீண்டதும் ஆசிரியர்களால்தான். சுவீடன் நாட்டு இளைஞர் சிலர் பழைய திரைப்படங்களில் அதைக் கண்டு, ஒவ்வொரு காட்சியையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக் காலசைவைக் கற்க முயன்றனர். 1937, 1941 ஆண்டுகளின் திரைப்படங்கள் ஆட்டத்தின் உருவத்தைக் காட்டின. உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எப்போது மாறுகிறது, பிடித்த கையில் எவ்வளவு இழுப்பு இருக்க வேண்டும் என்பதைக் காட்டவில்லை. எனவே அவர்கள் நியூயார்க்குக்குப் போய் ஆல் மின்ஸைத் தேடிப் பிடித்து, 1984இல் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துச் சென்று கற்றனர். மறு ஆண்டே அவர் மறைந்தார். 1986இல் கலிபோர்னியாவிலிருந்து எரின் ஸ்டீவன்ஸ், ஸ்டீவன் மிட்செல் என்ற இருவர் ஃபிராங்கி மானிங்கைத் தேடிச் சென்றனர். அப்போது அவர் எழுபதைக் கடந்தவர். அதன்பின் இறுதிவரை நாடு நாடாகச் சென்று கற்பித்தார்; சுவீடனின் ஹெராங் என்ற சிற்றூரில் கோடைதோறும் நடக்கும் நடனமுகாமில் உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் அவர் முன் நின்றனர். அவர் பிறந்த மே 26 இன்று உலக லிண்டி ஹாப் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கே ஒரு காலப் பொருத்தம் கருதத்தக்கது. 1962இல் தஞ்சைப் பாப்பம்மாள் வழிவந்த பாலசரஸ்வதி (1918–1984) அமெரிக்கா சென்று ஆடினார், அங்கே கற்பிக்கவும் தொடங்கினார். அவருக்கு நட்டுவனார் கந்தப்ப பிள்ளை பயிற்றுவித்த ஆட்டத்தை அந்நாட்டு அறிஞர்கள் வியந்து போற்றினர். அதே ஆண்டில் அந்நாட்டின் மாபெரும் சோடி ஆட்டக்காரர் ஃபிராங்கி மானிங் நியூயார்க்கில் எவரும் அறியாத அஞ்சல் ஊழியர். அயலூர்க் கலையின் ஆசிரியரைப் போற்றும் சமுதாயம் தன் வாசலில் இருக்கும் ஆசிரியரைக் காணாமல் போவது எங்கும் உள்ள குறைதான் போலும்.

இரண்டு மீட்சிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. லிண்டி ஹாப் வகுப்புகளை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் அதை உருவாக்கிய மக்களின் பிள்ளைகள் அல்லர். பரதநாட்டிய வகுப்புகளை நிரப்பியவர்களும் சதிர் ஆடிய குடும்பங்களின் பெண்கள் அல்லர். வேறுபாடும் ஒன்று உண்டு. ஸ்விங் மீட்சியில், காலந்தாழ்ந்தேனும், பழைய ஆட்டக்காரர்களே ஆசிரியர் இருக்கையில் அமர்த்தப்பட்டனர். தமிழகத்தில் ஆடிய பெண்களுக்கு அந்த இருக்கை அரிதாகவே கிடைத்தது. பாலசரஸ்வதியும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் விதிவிலக்குகள். நட்டுவனார்களுக்கு முதலில் கிடைத்தது, பிறகு மெல்ல நழுவியது. 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி, மரபுக் குடும்பத்தில் பிறவாதவர்களும் நட்டுவாங்கம் செய்யலாம், பெண்களும் தாளம் பிடிக்கலாம் என்று வழி திறந்தது. அது பெரிய நன்மை; கலை ஒரு குடிக்கு மட்டும் உரியதாக முடங்கியிருந்தால் உலகுக்குப் போயிருக்காது. ஆனால் வழி திறந்தபோது பழைய ஆசிரியரின் பிள்ளைக்கும் அந்த வாசலில் ஓர் இடம் உறுதிசெய்திருக்க வேண்டும். அது போதிய அளவு நடக்கவில்லை என்பதே இந்த வரலாற்றைப் பார்த்தபின் எட்டப்படும் தீர்ப்பு. பின்னால் நின்று நகர்ந்தவர் மேடையின் ஓரத்தில் அமர்ந்தார். அழைப்பிதழில் பெயர் சிறுத்தது. பாணிக்கு ஊர்ப்பெயர் நிலைத்தது, ஆள் மறந்துபோயிற்று. பந்தநல்லூர் பாணி என்று சொல்பவர் பலர். அங்கே தட்டுக்கழி பிடித்தவர்களின் வரிசையைச் சொல்லக்கூடியவர் சிலரே.

திரைப்படம் இங்கும் ஓர் ஆசிரியராக வேலை செய்தது. மயிலாடுதுறையை அடுத்த வழுவூரின் இராமையா பிள்ளை பயிற்றுவித்த குமாரி கமலாவின் ஆட்டம் 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ வழியாகச் சிற்றூர்த் திரையரங்குகளுக்கும் போயிற்று. நடனம் கற்க வேண்டும் என்ற ஆசை நடுத்தர வீடுகளில் முளைத்தது. பெண்ணைத் திரையில் கண்டவர்கள் ஆட்டுவித்தவரையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதால் வழுவூரார் பெயர் ஓரளவு தப்பியது.

தஞ்சையிலேயே தங்கிக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் நால்வரின் வழித்தோன்றலாகிய க. பொ. கிட்டப்பா பிள்ளை (1913–1999). முன்னோரின் உருப்படிகளைத் தேடித் தொகுத்ததோடு, கோயிலின் எண்திசைக்கும் நடுவிடத்துக்கும் உரிய வழிபாட்டு ஆட்டமாகிய நவசந்தி கவுத்துவங்களுக்கும் மறுவாழ்வு தந்தார். வைஜயந்திமாலா, ஹேமமாலினி முதலிய புகழ்பெற்றோர் அவரிடம் பயின்றனர். ஆயினும் அவருடைய ஆசிரியத்துக்குச் சிறந்த சான்று மதுரையிலிருந்து வந்த திருநங்கை நர்த்தகி நடராஜ். பிறர் கதவடைத்த ஒருவருக்கு வாயில் திறந்து, பல்லாண்டுகள் உடனிருத்திக் கற்பித்து, ‘நர்த்தகி’ என்ற பெயரும் அவரே சூட்டினார். 2019இல் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, நால்வர் வகுத்த அந்தப் பாடவரிசையின் உரம் எத்தகையது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. ஆடிய பெண்களின் தரப்பில் விராலிமலை முத்துக்கண்ணம்மாள் நிற்கிறார். ஏழு வயதில் விராலிமலை முருகன் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட அவர், அக்கோயிலில் பணிசெய்த 32 பெண்களுள் எஞ்சிய ஒருவர். தந்தையே அவருக்கு நட்டுவனார். பாடிக்கொண்டே ஆடும் சதிர் முறையைத் தம்மைத் தேடி வந்தவர்களுக்கு அவர் கற்பித்திருக்கிறார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பொட்டுக்கட்டைத் தடைசெய்த சட்டம் வந்து 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரிய மேளக் குடும்பங்களும் சின்ன மேளக் குடும்பங்களும் வாழ்ந்த தெருக்கள் பல. பழைய வீடுகளை இடிக்கும்போதும் பரணை ஒழிக்கும்போதும் கிடைக்கும் ஏட்டுக்கட்டு, சொற்கட்டு எழுதிய நோட்டு, தாளக்கட்டை, கழி, பழைய நிழற்படம் ஆகியவற்றைப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்கோ தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ அவற்றைக் கொண்டுபோய்க் காட்டலாம். கொடுக்க மனமில்லாதவர்கள் படியெடுத்துக்கொள்ளவாவது இடம் தரலாம். வீட்டில் முதியவர் எவரேனும் சொற்கட்டுச் சொல்லக்கூடியவராக இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் அமர்ந்து, கைப்பேசியில் அவர் குரலைப் பதிவுசெய்து, அவர் பெயரையும் அவருக்குக் கற்பித்தவர் பெயரையும் ஊரையும் அதன்கீழ் எழுதி வைக்க வேண்டும்.